உடைந்த சோதனைத் துண்டை ஒட்டி மறுபடி உடைத்தால் வரும் எண்ணை நம்பலாமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: அணுவுலையின் அமுக்கக் கலத்துக்குள் கண்காணிப்புக்காக வைக்கும் உருக்குத் துண்டுகளை எடுத்து உடைத்துச் சோதித்த பிறகு, உடைந்த பாதிகளின் இரு பக்கமும் வேறு உருக்கை வெல்டிங் பிடித்து மறுபடியும் உடைக்கிறார்களாம், வெல்டிங் பிடித்த துண்டு பழைய துண்டு போல நடக்குமா, அதற்கு எந்த முறை நல்லது, இதை நம் ஆய்வுகூடத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்து பார்க்க முடியுமா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒட்டுப் பிடித்தபோது ஏறிய சூடும், ஒட்டைச் சுற்றி உண்டாகிய கடினமும், நடுவிலுள்ள உருக்கு சொல்ல வேண்டிய எண்ணை மாற்றிவிடுமா என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள். என் பின்னணியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகச் சோதனையையும் ஒட்டுவேலையையும் நெடுங்காலம் கற்பித்தவன். மேற்படிப்புக் காலத்தில் கதிர்படாத உருக்கில் இந்த வேலையை என் கையாலேயே செய்திருக்கிறேன். கதிர்பட்ட உருக்கை ஈயக்கண்ணாடிக்கு அப்பால் நின்று இயந்திரக் கைகளால் கையாளும் சூட்டறையில் நான் பணிபுரிந்ததில்லை. அந்தப் பகுதியை வெளியான நியமங்களையும் ஆய்வறிக்கைகளையும் கொண்டே சொல்கிறேன்.

அமுக்கநீர் அணுவுலை ஒன்றின் கலம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள தாழ்கலப்பு உருக்கால் ஆனது. அதற்குள் 155 பார் அளவான அமுக்கத்தில், 290 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். நிலையத்தின் மற்றப் பெரிய பாகங்களை மாற்றலாம். நீராவிப் பிறப்பாக்கிகளைக்கூட வெட்டியெடுத்துப் புதியவற்றை வைத்திருக்கிறார்கள். கலத்தின் உடலை அப்படி மாற்றுவதில்லை. ஆகவே நிலையத்தின் ஆயுள் என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் கலத்தின் ஆயுளைத்தான். உலை ஓடும் காலமெல்லாம் வேகமான நியூத்திரன்கள் சுவரில் மோதி, உருக்கிலுள்ள அணுக்களை அவற்றின் இடங்களிலிருந்து தட்டிவிடுகின்றன. உருக்கில் கரைந்திருக்கும் செப்பு அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு திரள்களாகச் சேருகின்றன. நிக்கல் கூடினால் நிலை இன்னும் மோசமாகும். விளைவு, உருக்கு கடினமாகி, அது நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை மேலேறுகிறது. பழைய கலங்களின் ஒட்டுகளில் செப்பு கூடியிருந்ததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: துருப்பிடியாமல் இருக்க ஒட்டுக்கம்பிக்குப் பூசிய செப்புத்தான். இன்று யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் சுருளாகத் தொங்கும் வெல்டிங் கம்பியிலும் அதே செந்நிறப் பூச்சைக் காணலாம். படலைக்கும் கூரைக்கும் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. நியூத்திரன் படும் இடத்தில்தான் அது நஞ்சு.

இந்த மாற்றத்தைப் பின்தொடரவே, கலத்தைச் செய்த அதே உருக்கிலிருந்தும் அதே ஒட்டிலிருந்தும் வெட்டிய துண்டுகளை உறைகளில் அடைத்து, உலைக்கருவுக்கும் சுவருக்கும் இடையில் வைக்கிறார்கள். சுவரைவிட உலைக்கருவுக்குக் கிட்ட இருப்பதால் அவை சுவரை முந்திக்கொண்டு கதிர்படும். சுவருக்குப் பல ஆண்டுகளின் பின் வரப்போவதை உறை முன்கூட்டியே காட்டும். துண்டுகளில் பெரும்பாலானவை சார்ப்பி மாதிரிகள். பிரான்சைச் சேர்ந்த ஜோர்ஜ் சார்ப்பி 1901இல் முன்வைத்த சோதனையின் இன்றைய வடிவம்தான்: 10 மில்லிமீற்றர் சதுரக் குறுக்குவெட்டு, 55 மில்லிமீற்றர் நீளம், நடுவில் 2 மில்லிமீற்றர் ஆழமும் 45 பாகைக் கோணமும் அடியில் 0.25 மில்லிமீற்றர் ஆரையும் கொண்ட வி வெட்டு. குளிர்த் தொட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து, 5 செக்கனுக்குள் ஊசல் சம்மட்டியால் அடித்து, உறிஞ்சிய சக்தியைப் படிக்க வேண்டும். குளிரில் உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி உடைந்தாற்போல மினுங்கும். சூட்டில் உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறமாய் நார்நாராக இருக்கும், துண்டின் விலாவும் பிதுங்கியிருக்கும். இந்தப் பிதுக்கத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். அமெரிக்க விதிமுறைகளில் 41 யூல் சக்தி கிடைக்கும் வெப்பநிலை எவ்வளவு மேலேறியது என்பதே முதன்மையான அளவு. முழுமையாக நெகிழ்ந்து உடையும்போது கிடைக்கும் மேல்மட்டச் சக்தி, தொடக்கத்தில் 102 யூலுக்குக் குறையாமலும், ஆயுள் முழுவதும் 68 யூலுக்குக் கீழே இறங்காமலும் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

உடைந்ததை ஏன் மறுபடி எடுக்க வேண்டும்? ஓர் உறையில் ஒரு பொருளுக்கு 12 அல்லது 15 சார்ப்பி மாதிரிகள்தான் இருக்கும். நிலையங்களைக் கட்டியபோது 40 ஆண்டுகளுக்குத் திட்டமிட்டார்கள். இப்போது 60, சில இடங்களில் 80 ஆண்டுகள் என்று நீடிக்கிறார்கள். உறைகள் தீர்ந்துபோன பின்னரும் உலை ஓடும். பணம் கொடுத்தால் புதிய உருக்கு கிடைக்கும்; அதே வார்ப்பில் வந்த, அதே உலையில் இருபது ஆண்டு கதிர்பட்ட உருக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது. பொருள் இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. அமெரிக்காவின் யாங்கி றோ நிலையம் 1991இல் நிறுத்தப்பட்டு 1992இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் கலத்து உருக்கின் நொறுங்குநிலையை ஐயமறக் காட்டப் போதிய தரவு இல்லாமை அதற்கு முக்கிய காரணம். சோவியத் காலத்து வி.வி.ஈ.ஆர்.-440 என்ற அமுக்கநீர் உலைகளின் முதல் தலைமுறையிலோ கண்காணிப்புத் துண்டுகளே வைக்கப்படவில்லை. பின்னர் கலத்தின் சுவரிலிருந்தே மெல்லிய சீவல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. இவற்றோடு ஒப்பிட்டால், உடைந்த பாதிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆய்வுகூடம் பெரிய செல்வத்தை வைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

வேலை நடக்கும் விதம் இது. உடைந்த பாதி ஒவ்வொன்றும் 27.5 மில்லிமீற்றர் நீளம். உடைந்த முகத்தை ஒட்டி நெளிந்துபோன பகுதியை முதலில் வெட்டி எறிய வேண்டும். குளிரில் நொறுங்கிய பாதியில் இது கொஞ்சம், சூட்டில் பிதுங்கி உடைந்த பாதியில் மிக அதிகம். ஆதலால் மேல்மட்டத்தில் உடைந்த துண்டுகள் பலவேளை இதற்கு உதவா. மிஞ்சும் நல்ல பகுதிதான் நடுத்துண்டு. அதன் இரு முனைகளிலும் கதிர்படாத சாதாரண உருக்கில் கைத்துண்டுகளை ஒட்டி, மேற்பரப்பைச் சீவி, மறுபடி 10க்கு 10க்கு 55 என்ற அளவுக்குக் கொண்டுவந்து, நடுத்துண்டின் மையத்தில் புதிய வெட்டை இடுகிறார்கள். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போடுவது போலத்தான். மண்ணை வெட்டுவது தகடு, பிடி கையைச் சேர்க்கிறது. ஒரு மாதிரி உடைந்தால் இரண்டு பாதி, இரண்டிலிருந்தும் இரண்டு புதிய மாதிரிகள். இதையே மீளமைத்தல் என்கிறார்கள். இதற்கான அமெரிக்க வழிகாட்டி நியமமான ஏ.எஸ்.ரி.எம். ஈ 1253 முதலில் 1988இல் வெளிவந்தது. நடுத்துண்டுக்கு அது பொதுவாகச் சொல்லும் குறைந்த நீளம் 18 மில்லிமீற்றர். அதிலும் குறைக்க விரும்புபவர், குறைத்தாலும் முடிவு மாறாது என்பதைத் தாமே காட்ட வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் வரும் பயம், ஒட்டு விட்டுப்போகுமோ என்பது. கணக்குப் போட்டால் அது பெரிய பயம் அல்ல என்று தெரியும். மாதிரி 40 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் சாய்ந்திருக்க, சம்மட்டி நடுவில் அடிக்கிறது. துண்டை வளைக்கும் வளைவுத் திருப்பம் நடுவில் உச்சம், தாங்கியில் சுழி. 18 மில்லிமீற்றர் நடுத்துண்டின் ஒட்டு, மையத்திலிருந்து 9 மில்லிமீற்றரில், அதாவது தாங்கியிலிருந்து 11 மில்லிமீற்றரில் இருக்கிறது. அங்கே திருப்பம் நடுவிலுள்ளதில் 55 சதவீதம்தான். வெட்டின் கீழ் எஞ்சிய தடிப்பு 8 மில்லிமீற்றர், ஒட்டு இருக்கும் இடத்திலோ முழு 10 மில்லிமீற்றர். தகைப்பு, அதாவது ஓரலகு பரப்பில் படும் விசை, தடிப்பின் வர்க்கத்துக்கு எதிராகக் குறைவதால் அங்கே இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் குறையும். இரண்டையும் சேர்த்தால் ஒட்டில் படும் தகைப்பு நடுவிலுள்ளதில் மூன்றிலொரு பங்கை ஒட்டியே வரும். நடுத்துண்டை 10 மில்லிமீற்றராகக் குறைத்தாலும் பாதியைத் தாண்டாது. வெட்டின் முனையில் தகைப்பு குவிவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் ஒட்டுக்கு இன்னும் சாதகம். ஆகவே சுமாரான ஒட்டும் தாங்கும். அருமையான பலமுள்ள ஒட்டு வேண்டும் என்று கூடுதலாகச் சூடேற்றுபவர், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து இருக்கும் நோயைக் கூட்டுகிறார்.

இருக்கும் நோய் சூடு. கதிர்பட்ட உருக்கைக் கதிர்பட்ட வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால், நியூத்திரன் செய்த சேதம் ஆறத் தொடங்கும். இது ஊகமன்று, இதையே சிகிச்சையாகச் செய்திருக்கிறார்கள். ரஷ்யாவின் நோவோவொரோனேஷ் 3ஆம் உலையின் கலத்தை 1987இலும், பின்லாந்தின் லோவீசா 1ஆம் உலையின் கலத்தை 1996இலும், முன்னதை 430 பாகையையும் பின்னதை 475 பாகையையும் ஒட்டிய வெப்பநிலையில் நாட்கணக்காகச் சூடேற்றி, உருக்கின் இளமையைப் பெருமளவு மீட்டார்கள். கலத்துக்கு நல்லதாகும் அதே காரியம் சோதனைத் துண்டுக்குக் கேடு, ஏனெனில் ஆறிப்போன துண்டு, சுவர் நலமாக இருக்கிறது என்று பொய் சொல்லும். பொய் ஆபத்தான பக்கத்துக்குச் சாய்கிறது என்பதுதான் முக்கியம். அதனால் நியமம், நடுப்பகுதியின் வெப்பநிலை முந்திய கதிர்பட்ட வெப்பநிலையைத் தாண்டக்கூடாது என்கிறது. நடைமுறையில் 290 பாகையை ஒட்டிய வரம்பு.

அந்த வரம்பு எவ்வளவு நெருக்கமானது என்று பாருங்கள். 18 மில்லிமீற்றர் நடுத்துண்டு ஏறத்தாழ 14 கிராம் நிறை. அதை முழுவதும் 20 பாகையிலிருந்து 290 பாகைக்கு உயர்த்த 1,800 யூல் அளவே போதும். ஒரு முனையை ஆயிரம் அம்பியரில், 25 வோல்ற்றில், கால் செக்கன் மின்வில்லால் ஒட்டுவதாக வைத்துக்கொண்டால் வில்லின் மொத்தச் சக்தி 6,250 யூல். அதில் பாதி கைத்துண்டுக்குப் போனாலும், கொஞ்சம் தீப்பொறியாகவும் ஒளியாகவும் சிதறினாலும், எஞ்சியது வரம்பை எளிதில் தாண்டவைக்கும். ஆகவே நடுத்துண்டைச் செப்புக் கட்டைகளால் இறுகப் பிடித்து, தேவையானால் கட்டைக்குள் நீரோட்டம் கொடுத்து, வெப்பத்தைப் பக்கவாட்டில் உறிஞ்ச வேண்டும். முதல் முனை ஆறிய பின்னரே இரண்டாம் முனையைத் தொட வேண்டும். இன்னொன்றும் உண்டு: வெப்பம் உருக்குக்குள் மெதுவாகவே நகரும், ஒட்டிலிருந்து மையத்துக்கான 9 மில்லிமீற்றரைக் கடக்கச் சில செக்கன்கள் எடுக்கும். வில் அணைந்து, எல்லாம் முடிந்தது என்று கையெடுக்கும் நேரத்தில்தான் மையம் சூடேறிக்கொண்டிருக்கும். வெட்டு வரப்போகும் இடத்தில் வெப்பநிலையை அளக்கும், தலைமயிர் போன்ற வெப்பவிணைக் கம்பியைப் பொருத்தி வரைபடத்தைப் பார்த்தவருக்கு இது ஒருபோதும் மறக்காது. கோடு முதலில் அசையாமல் கிடந்து, பிறகு எழுந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, மெல்லச் சரியும். கதிர்பட்ட துண்டில் இப்படிக் கம்பி வைத்து அளப்பது கடினம் என்பதால், அதே அளவான கதிர்படாத துண்டில் முன்கூட்டியே அளந்து முறையை உறுதிசெய்து, அந்த அமைப்பை மாற்றாமல் கதிர்பட்டவற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது முறைகளுக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கை மனத்தில் வைத்தால் எது எங்கே பொருந்தும் என்பது தானாகவே தெரியும். ஸ்ரட் வெல்டிங் என்பது கட்டடத்து உருக்கு உத்தரங்களில் ஆணிகளை நிறுத்தும் அதே தொழில்: கைத்துண்டைத் தொட்டு, சற்றுத் தூக்கி, வில்லை இழுத்து, இரு முகமும் உருகியதும் உள்ளே அழுத்த வேண்டும். ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். முழுக் குறுக்குவெட்டும் ஒரே தடவையில் ஒட்டும். உருகிய உலோகம் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு விளிம்பால் வெளியேறும். வெற்றிடம் வேண்டாம், கருவி சிறிது, தொலைவிலிருந்து இயக்கலாம், கெட்டுப்போனால் மாற்றலாம். பெல்ஜியத்தின் மோல் நகரிலுள்ள அணு ஆய்வு மையத்தார் இதைத் தீர ஆராய்ந்து பயன்படுத்தியவர்கள். குறை என்னவெனில் கொடுக்கும் வெப்பம் அதிகம், சூட்டால் பாதித்த வலயம் அகலம், அழுத்தும்போது கைத்துண்டு இம்மியளவு சாயும். சாய்வுக்காகக் கைத்துண்டைச் சற்றுப் பருமனாக வைத்து, ஒட்டிய பின் சீவி நேராக்க வேண்டியிருக்கிறது.

இலத்திரன் கற்றை ஒட்டு இதற்கு மறுமுனை. வெற்றிட அறைக்குள் ஒடுங்கிய கற்றை கத்தி போல ஆழமாக இறங்கி, மெல்லிய ஒட்டை விட்டுச் செல்லும். மொத்த வெப்பம் மிகக் குறைவு. வெப்பத்தை மட்டும் பார்த்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் வெற்றிட அறையையும் பம்பியையும் கதிர்த்தொழிற்பாடுள்ள சூட்டறைக்குள் கொண்டுபோவது பெருஞ்செலவு. உருகும்போது ஆவியாகும் உலோகம் அறைச் சுவரில் படிந்து அதையும் மாசாக்கும். துண்டில் எஞ்சிய காந்தம் இருந்தால் கற்றை வழிவிலகி மூட்டைத் தவறவிடும், எனவே முதலில் காந்தம் நீக்க வேண்டும். மூட்டு முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதும் அவசியம். ஈயக்கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயந்திரக் கையால் அதைச் செய்வது விளையாட்டல்ல. லேசர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெற்றிடம் வேண்டாம், காந்தம் தொந்தரவு செய்யாது, லேசர் இயந்திரத்தை வெளியே வைத்துக்கொண்டு ஒளியிழையால் கற்றையை மட்டும் உள்ளே அனுப்பலாம். பழுதடையக்கூடிய விலைகூடிய பாகம் கதிர்படாமல் வெளியே இருப்பது பெரிய வசதி. இவை தவிர, உருக்காமலே மேற்பரப்புகளை உராய்த்துச் சுத்தமாக்கி அழுத்தி ஒட்டும் முறையை ஜப்பான் அணுசக்தி ஆய்வு நிறுவனம் வளர்த்தது. பாதித்த வலயம் மிக ஒடுக்கமாவது அதன் பலம். சாதாரண வெல்டிங் றொட்டால் சாய்முகம் வைத்து நிரப்புவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல அடுக்குகளாகச் சூடு ஏறும் அந்த முறை கதிர்பட்ட துண்டுக்கு வேண்டவே வேண்டாம்.

என் தெரிவைக் கேட்டால், 18 மில்லிமீற்றர் கிடைக்கிறபோது ஸ்ரட் வெல்டிங்கே போதும் என்பேன். செப்புக் கட்டை ஒழுங்காக இருந்தால் வெப்ப வரம்புக்குள் நிற்கலாம், சூட்டறையில் எளிமைக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை. 10 மில்லிமீற்றர் வரை குறைக்க வேண்டி வந்தால் இலத்திரன் கற்றை அல்லது லேசர். ஏன் அவ்வளவு குறைக்க வேண்டும்? முன்னைய சில நிலையங்களில், மாதிரிகளைத் தகட்டின் உருட்டுத் திசையோடு ஒத்த, பலமான திசையில் வெட்டி வைத்துவிட்டார்கள். பின்னர் வந்த விதிகள் பலவீனமான குறுக்குத் திசையை வேண்டின. 10 மில்லிமீற்றர் கனசதுரமாக நறுக்கினால், அதைத் திருப்பி வைத்து மற்றத் திசையில் சோதிக்க முடியும். அந்த ஒரு தேவைக்காகவே குறுகிய நடுத்துண்டு ஆய்வுகள் பலவும் நடந்தன.

இனி இரண்டாம் நோய், கடினம். சம்மட்டி அடிக்கும்போது வெட்டின் முனையில் மட்டும் சக்தி செலவாவதில்லை. அதைச் சுற்றி ஒரு கணிசமான பருமன் நெளிகிறது, அந்த நெளிவும் சக்தியை உறிஞ்சுகிறது. ஒட்டும் அதன் அருகும் சூடேறி விரைவாகக் குளிர்ந்ததால் நடுத்துண்டைவிடக் கடினமாக இருக்கும். துண்டை நீளவாட்டில் அறுத்து, மினுக்கி, நைத்திரிக் அமிலம் கலந்த மதுசாரத்தில் ஒருமுறை தோய்த்தால் அந்த வலயம் கருமையான பட்டையாக எழுந்து நிற்கும். அரை மில்லிமீற்றர் இடைவெளியில் விக்கர்ஸ் கடினத்தை அளந்துகொண்டு போனால், பட்டையின் எல்லையில் எண் சட்டென ஏறும். நெளியும் பருமன் அந்தக் கடினச் சுவரில் முட்டினால், அதற்கு மேல் பரவ முடியாது. உறிஞ்சும் சக்தி குறைந்து காட்டும். நெளிவு குறைவான குளிர் நிலையில் அது சுவரைத் தொடுவதேயில்லை. இதிலிருந்து வரும் முடிவு உறுதியானது: 41 யூல் மட்டத்தில் அளக்கும் வெப்பநிலைப் பெயர்ச்சியைக் குறுகிய நடுத்துண்டும் சரியாகவே சொல்லும், மேல்மட்டச் சக்தியைக் குறுகிய நடுத்துண்டு குறைத்துச் சொல்லும், பொருள் எவ்வளவு நெகிழ்வானதோ அவ்வளவுக்குக் கூடுதலாகக் குறைக்கும். கதிர்பட்ட உருக்கு ஏற்கெனவே கடினமாகி நெளிவு சுருங்கியிருப்பது நமக்குக் கொஞ்சம் உதவி. மேல்மட்டச் சக்தி குறைந்து காட்டுவது பாதுகாப்பான பக்கம்தானே என்று சிலர் விட்டுவிடுவார்கள். தொடக்க நிலை முழு மாதிரியில் அளக்கப்பட்டு, பின்னைய நிலை மீளமைத்த மாதிரியில் அளக்கப்பட்டால், கதிர் செய்யாத சரிவையும் கதிரின் கணக்கில் எழுதிவிடுவோம். நல்ல கலமொன்றை வீணாகக் குற்றவாளியாக்குவதும் பிழைதான். இந்தச் சரிவை நெளிவின் பருமனைக் கொண்டு திருத்தும் வழிகளை ஆய்வாளர் முன்வைத்திருக்கிறார்கள். அவை குறிப்பிட்ட உருக்குகளுக்குப் பொருந்துகின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் என்று ஏற்க நான் தயங்குவேன்.

ஐயத்துக்குரியவை வேறு இரண்டு உண்டு. சில செக்கன்கள் மட்டும் வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் சேதம் உண்மையில் ஆறுமா? ஆறுதல் வெப்பநிலையோடு நேரத்தையும் சார்ந்தது. 475 பாகையில் நாட்கணக்கு எடுத்த காரியம், 330 பாகையில் ஐந்து செக்கனில் நடக்காது என்றே பௌதிகம் சொல்கிறது. ஆகவே வரம்பு தேவைக்கு மேல் கடுமையானது என்பது என் எண்ணம். ஆயினும் அதைத் தளர்த்தச் சொல்லமாட்டேன், ஏனெனில் மேலே சொன்னது போல இங்கே பிழை ஆபத்தான பக்கத்துக்குச் சாயும். மற்றது எஞ்சிய தகைப்பு. இரு முனையும் உருகிச் சுருங்கும்போது நடுவில் ஓர் இழுவையோ அமுக்கமோ மிஞ்சும். வி வெட்டுள்ள சார்ப்பியில் இதன் பாதிப்பு சிறிது. வெட்டின் அடியில், மாறிமாறிச் சுமையேற்றி உண்டாக்கும் களைப்பு வெடிப்பு வளர்த்துச் சோதிக்கும் மாதிரியில் வெடிப்பின் முகப்பு கோணலாக வளர இது காரணமாகலாம். உடைத்த பின் முகப்பை அளந்து, நேராக இல்லாதவற்றை ஒதுக்குவதே வழி.

அந்த வெடிப்பு மாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பின்லாந்தின் வி.ரி.ரி. ஆய்வு நிறுவனத்தில் கிம் வாலின் வகுத்த தலைமை வளையி முறையில், முறிவு வன்மையின் (வெடிப்பு ஓடுவதைப் பொருள் தடுக்கும் திறனின்) நடுப்பெறுமானம் 100 மெகாபஸ்கால் வர்க்கமூல மீற்றர் ஆகும் வெப்பநிலையே உசாத்துணை வெப்பநிலை. சார்ப்பிபோலச் சக்தியிலிருந்து ஊகிக்காமல், வன்மையை நேரடியாக அளக்கிறது. அதற்குக் குறைந்தது 6 செல்லுபடியான சோதனைகள் வேண்டும். பழைய உறைகளில் அத்தனை வெடிப்பு மாதிரிகள் இருந்ததில்லை. உடைந்த சார்ப்பிப் பாதிகளை மீளமைத்தால் கிடைக்கும். வெடிப்பு ஆழமாக இருப்பதால் எஞ்சிய தடிப்பு 5 மில்லிமீற்றர் அளவுதான், நெளிவும் சிறிது, ஒட்டின் கடினச் சுவரை அது தொடுவது அரிது. மீளமைத்தல் மிகவும் சோபிக்கும் இடம் இதுவே என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது அதற்குப் போட்டியும் வந்துவிட்டது: உடைந்த ஒரு பாதியிலிருந்து 4 மில்லிமீற்றர் தடிப்பான, வெடிப்பை இழுத்துத் திறக்கும் சிறு மாதிரிகள் நான்கு வரை வெட்டலாம், ஒட்டே தேவையில்லை. ஒட்டில்லாத இடத்தில் ஒட்டின் சூட்டைப் பற்றிய கவலையும் இல்லை. வன்மை மட்டும் போதுமென்றால் நான் அதையே முதலில் பார்ப்பேன். பழைய சார்ப்பித் தரவோடு தொடர்ச்சியாக ஒப்பிட வேண்டுமென்றால் மீளமைத்தலை விட்டால் வழியில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள கூடங்குளத்தையும் உங்கள் கேள்வியில் தொட்டிருந்தீர்கள். கல்பாக்கத்தில் 1980களில் ஓடத் தொடங்கிய கனநீர் உலைகள் அமுக்கக் குழாய்களைக் கொண்டவை, அங்கே இந்தத் தடித்த உருக்குக் கலத்தின் கேள்வியே எழாது. கூடங்குளத்தில் இருப்பவை வி.வி.ஈ.ஆர்.-1000, அவற்றுக்குக் கலம் உண்டு. இந்த வகையின் பழைய வடிவமைப்பில் கண்காணிப்பு மாதிரிகள் உலைக்கருவுக்கு மேலே வைக்கப்பட்டிருந்தன. அங்கே இடத்துக்கு இடம் நியூத்திரன் அளவு வெகுவாக மாறும், ஒரே தொகுதிக்குள்ளேயே மாதிரிகள் வெவ்வேறு அளவு கதிர்பட்டிருக்கும். ரஷ்ய ஆய்வாளர், உடைந்த பாதிகளில் ஒத்த அளவு கதிர்பட்டவற்றைத் தேர்ந்து மீளமைத்துச் சீரான தொகுதிகளை உருவாக்கினார்கள். மீளமைத்தல் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு மட்டும் அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கூடங்குளம் அதற்குப் பிந்திய வடிவமைப்பு என்பதால், இதை அப்படியே அங்கே பொருத்திப் பேசிவிட வேண்டாம்.

செயற்றிட்டம் தாராளமாகச் செய்யலாம், கதிர்பட்ட உருக்கு வேண்டியதில்லை. ஒரே கோலிலிருந்து வெட்டிய முழு மாதிரிகள், 18 மில்லிமீற்றர் நடுத்துண்டுள்ளவை, 10 மில்லிமீற்றர் நடுத்துண்டுள்ளவை என்று மூன்று தொகுதி எடுங்கள். உருக்கில் இரண்டு வகை வேண்டும்: சாதாரண மென்னுருக்கு ஒன்று, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய உருக்கு ஒன்று. நீள வித்தியாசம் மென்னுருக்கில் பளிச்செனத் தெரியும், கடின உருக்கில் அநேகமாக மறைந்துவிடும். அந்த மறைவுதான் உங்கள் அறிக்கையின் மையமாக இருக்க வேண்டும். சார்ப்பி எண்கள் சிதறும் இயல்புடையவை, ஆகவே வெப்பநிலை ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டை உடைத்துவிட்டு வரைபடம் போடாமல், வெப்பநிலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் கூடுதல் துண்டுகளை உடையுங்கள். ஒட்டுக்கு, ஸ்ரட் வெல்டிங் துப்பாக்கி வைத்திருக்கும் கட்டட ஒப்பந்தகாரரிடம் கேட்டுப் பாருங்கள்; கிடைக்காவிட்டால் ரிக் (TIG) வெல்டிங்கும் ஒப்பீட்டுக்கு உதவும், ஏனெனில் உங்கள் துண்டில் ஆறுவதற்குக் கதிர்ச்சேதம் இல்லை. கடினமாக்கிய உருக்கு மட்டும் சூட்டில் பதம் இழக்கும் என்பதால், தோய்த்த பின் 400 பாகைக்கு மேல் பதப்படுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். செப்புக் கட்டைகளைக் கடைசல் பொறியில் நீங்களே செய்யலாம். மாதிரி உடைக்கத் தொடங்குமுன் வெட்டு வரும் இடத்தில் வெப்பவிணையை வைத்து, செக்கனுக்கு நூறு தடவையாவது பதியும் கருவியோடு இணைத்து, கட்டை இல்லாமல் ஒன்று, கட்டையோடு ஒன்று என இரண்டு வளையிகளை எடுத்துவிடுங்கள். வளையிகள் கிடைத்ததும் இங்கே போட்டால், நடுத்துண்டின் நீளத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.